சிவப்பு நூல் கட்டிய கூடு

மார்ச் 3, செவ்வாய்

நான் எறும்புகளோடு பேசுகிறேன் என்று கொழுந்தனார் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இன்று மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, செய்தி அங்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று.

தவறு. நான் எறும்புகளோடு பேசுவதில்லை. மாலை நான்கு மணிக்குப் பின்னறைக்குப் போய்க் கூடுகளைப் பார்க்கிறேன். பார்த்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பதிவேட்டில் எழுதுகிறேன். "ஒன்றாம் கூடு, நடமாட்டம் சாதாரணம். இரண்டாம் கூடு, புதிதாக ஓர் இலை சேர்த்திருக்கின்றன." என் கணவர் அப்படித்தான் செய்வார். வாயால் சொல்லி எழுதினால் எண் பிசகாது. மருத்துவமனை ஆவணப் பிரிவில் முப்பத்தொரு வருடம் நானும் அப்படித்தான் எழுதினேன். அப்போது யாரும் நான் காகிதங்களோடு பேசுவதாகச் சொல்லவில்லை.

பிள்ளை இல்லாத குறைக்கு அண்ணி எறும்பு வளர்க்கிறார் என்றும் சொல்கிறாராம். பிள்ளை இல்லை என்பது உண்மை. குறை என்பது அவராகச் சேர்த்தது.

மார்ச் 8, ஞாயிறு

வெளியூர் அருங்காட்சியகத்திலிருந்து இறுதிக் கடிதம் வந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் ஆள் வருகிறார். ஆறு பெட்டிகளுக்கு அனுமதி. பதினொரு கூடுகளில் ஆறுதான் போகலாம்.

வெளியூர் என்று எழுதிவிட்டேன். கடல் தாண்டி, பதினான்கு மணி நேர விமானம்.

இது நான் எடுத்த முடிவு அல்ல. என் கணவர் கொடுத்த வாக்கு. வேளாண் துறையின் பூச்சிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் எழுதிய கடைசிக் கடிதம் அவர்களுக்குத்தான். "இன்னும் ஒரு வருடத்தில் ஒப்படைக்கிறேன், அதற்குள் கூடுகள் இரட்டிப்பாகும்." அதை எழுதிய பதினோராம் நாள் போய்விட்டார். அவர்கள் மரியாதைக்கு மூன்று வருடம் காத்திருந்து இந்த ஜனவரியில் மறுபடி கேட்டார்கள். அவர் கையெழுத்திட்ட தாளை வைத்துக்கொண்டு நான் வேறென்ன பதில் எழுத முடியும்?

இவை முசுறு. நம் பக்கத்தில் மரமேறுகிறவன் எவனும் ஒருமுறையாவது கடிபட்டுத் திட்டியிருப்பான். அங்கே இதைப் பார்க்க மக்கள் வரிசையில் நிற்பார்களாம். இலைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் எறும்பு அந்த ஊர்க்காரர்களுக்கு அதிசயம். நூலைச் சுரப்பது எறும்பு அல்ல, அதன் புழு. சில எறும்புகள் இரண்டு இலைகளின் ஓரத்தையும் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். வேறு சில புழுவை வாயில் கவ்விக்கொண்டு வந்து, இந்த ஓரத்தைத் தொட்டு, அந்த ஓரத்தைத் தொட்டு, தைத்துக்கொண்டே போகும். முதல்முறை அவர் எனக்குக் காட்டியபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. நான் பாலைப் பொங்கவிட்டது அந்த ஒரு தடவைதான்.

மார்ச் 9, திங்கள்

பின்னறையில் கூடுகள் இருக்கும் செடித் தொட்டிகளின் கீழ்க் கிண்ணங்களில் உள்ள தண்ணீரை மாற்றினேன். எல்லார் வீட்டிலும் அலமாரிக் காலுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது எறும்பு ஏறாமல் இருக்க. எங்கள் வீட்டில் எறும்பு இறங்காமல் இருக்க. இதைச் சொல்லி அவர் சிரிக்க வைக்காத விருந்தாளி கிடையாது. ஐம்பதாவது தடவை கேட்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த நகைச்சுவையைச் சொல்ல ஆள் இல்லாமல் நானே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 14, சனி

அவருடைய பழுப்புச் சட்டையை வெயிலில் போடலாமா என்று எடுத்து, மறுபடி மடித்து வைத்துவிட்டேன். முசுறு கடித்துவிட்டுக் கடித்த இடத்தில் ஒரு புளிப்புத் திரவத்தைப் பீய்ச்சும். அவர் சட்டைக் கை எப்போதும் அந்த வாசனைதான், பழைய வினிகரும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி. கல்யாணமான புதிதில் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அந்த ஒரு சட்டையை மட்டும் துவைக்கவில்லை. வாசனை போன வருடமே போய்விட்டது. மூக்கு தேடுகிறது.

மார்ச் 20, வெள்ளி

பெட்டி செய்யும் மேஸ்திரி வந்தார். தெருவில் எல்லாரும் அவரை "அளவு" என்றுதான் சொல்கிறார்கள். எதையும் மூன்று தடவை அளப்பார். எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு, என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவதைத் தவிர.

"நான் டீச்சர் இல்ல, மேஸ்திரி."

"தெரியும் டீச்சரம்மா. பெட்டிக்குள்ள போறது எறும்பா, மகாராணியா? பத்துப் பக்கத்துக்கு விதி எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ரெண்டும்தான்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப மூடிக்குத் திருகாணி போடறேன். ஆணி அடிச்சா அதிரும். மகாராணிக்கு ஆகாது."

மார்ச் 23, திங்கள்

ராணியைப் பற்றி இந்தக் குறிப்பேட்டில் நான் எழுதியதே இல்லை. பதிவேட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் அது அவருடைய பதிவேடு. அதில் நெஞ்சில் இருப்பதற்கு இடமில்லை.

ஏழு வருடம் முன்பு, மழை விட்ட ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அவர் குடையை மடக்கும்போது துணியின் மடிப்பில் அவள் இருந்தாள். தடித்த உடம்பு, பச்சை கலந்த பழுப்பு. இறகுகளை அப்போதுதான் உதிர்த்திருந்தாள். அவர் என் கைப்பையைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடி உறைக்குள் அவளை விட்டு மூடிக்கொண்டார். ஈரக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதுவும் தெரியாமல் அவர் கையைப் பிடித்தபடி வீடு வந்தேன். வழியெல்லாம் திட்டினேன். அவர் உறையைக் காதருகே வைத்துக்கொண்டு நடந்தார்.

ஆயிரக்கணக்கான எறும்புகள் பிறந்து செத்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு வருடம் இருந்தால் அதிகம். அவர் கையால் தொட்டவற்றில் இன்று உயிரோடிருப்பவர்கள் இரண்டே பேர். அவள் ஒருத்தி.

மார்ச் 26, வியாழன்

நான்காம் கூட்டில் சிவப்பு நூல் இருக்கிறது. அவர் வைத்த வழக்கம்: ராணி எந்தக் கூட்டில் இருக்கிறாளோ அந்தக் கிளையில் சிவப்பு நூல். இலை காய்ந்தால் எறும்புகள் அவளை வேறு கூட்டுக்கு நடத்திக்கொண்டு போகும். எப்போதாவதுதான் நடக்கும். அப்படி நடந்தால் அன்றே நூலை அவிழ்த்துப் புதுக் கிளையில் கட்ட வேண்டும், பதிவேட்டில் மணியோடு எழுத வேண்டும்.

இன்று நான்கு மணி பத்து நிமிடத்துக்கு நான்காம் கூட்டின் வாயிலில் பெரிய கூட்டம். நடுவே தடித்த, மெதுவான ஓர் உடம்பு. சுற்றிலும் முண்டியடித்துக்கொண்டு மற்றவை. கிளை வழியாக இறங்கி, ஏறி, ஒன்பதாம் கூட்டுக்குள். ஐந்தே இலை, போன வாரம் கட்டியது.

கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டது.

உறுதியாகத் தெரியாததைப் பதிவேட்டில் எழுதக் கூடாது என்பது அவர் வைத்த விதி. எழுதவில்லை. "நான்காம் கூடு: ராணி" என்ற வழக்கமான வரி மட்டும். நாளை பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 27, வெள்ளி

பார்க்கவில்லை. தலைவலி.

மார்ச் 29, ஞாயிறு

அருங்காட்சியகக் காப்பாளர் வந்துவிட்டார். நாற்பது தாண்டிய பெண், குட்டை முடி, சட்டைப் பையில் இரண்டு பூதக்கண்ணாடி. பிறந்ததே அந்த ஊரில்தானாம். தமிழ் அவர் தாயார் பேசிக் கேட்டுப் படிந்தது.

வாசலிலேயே, "அம்மா, உங்களப் பாக்கணும்னு எத்தன வருஷமா நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

"எனக்குப் பிள்ளைங்க இல்ல. அம்மான்னு கூப்பிடக் காரணம் இல்ல."

"அப்ப எப்படிக் கூப்பிடறது?"

"மேடம் போதும்."

"சரிம்மா" என்றார். வேண்டுமென்று சொன்னது அல்ல. நாக்கு அப்படிப் பழகியிருக்கிறது.

பின்னறையில் ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் நின்று பார்த்தார். அதற்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது. பிறகு பதிவேட்டைக் கேட்டு வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினார். ஏழு வருடம், ஒரு நாள் விடாமல். என் கணவர் இறந்த நாளன்றுகூட என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "கவனிக்கவில்லை."

"இந்த மாதிரிப் பதிவேடு நான் எங்கயும் பாத்ததில்லம்மா."

பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு அந்த வியாழக்கிழமைப் பக்கமும் வந்து, போயிற்று.

மார்ச் 31, செவ்வாய்

இன்று ஆறு கூடுகளைத் தேர்ந்தெடுத்தார்.

"ராணி நாலாவதுலதானேம்மா? சிவப்பு நூல்?"

"பதிவேட்டுல நாலுன்னுதான் இருக்கு" என்றேன்.

"இலை ஓரம் கொஞ்சம் காஞ்சிருக்கே."

"வெயில்."

அவர் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்து, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். "வேற ஆள் வீடா இருந்தா இலையைப் பிரிச்சுப் பாத்திருப்பேன். உங்க பதிவேடு இருக்கும்போது எதுக்குக் கூட்டைக் கிழிக்கணும்?"

நான்கு, ஒன்று, இரண்டு, ஆறு, ஏழு, பதினொன்று. ஒன்பது இல்லை. சின்னது, புதுசு, பயணம் தாங்காது என்றார்.

"மீதி அஞ்சும் உங்களுக்குத்தாம்மா. ராணி இல்லாம சில மாசம் ஓடும். அப்புறம்..." என்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் நான்கு என்றுதான் இருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

காலை ஐந்தரைக்கே தொடங்கினார்கள். குளிர்ச்சியில் முசுறு மந்தமாக இருக்கும். காப்பாளர் கிளையை மெல்லிய பருத்திப் பைக்குள் விட்டு, வாயைக் கட்டி, பிறகு வெட்டினார். பை பிளாஸ்டிக் பெட்டிக்குள். பெட்டியின் இரண்டு பக்கம் மெல்லிய கம்பி வலை, மூலையில் நனைத்த பஞ்சு, சர்க்கரைத் தண்ணீர் ஊறிய இன்னொரு பஞ்சு. உள் விளிம்பு முழுக்கப் பவுடரைக் குழைத்துத் தூரிகையால் பூசியிருந்தார், எறும்பு ஏறினால் வழுக்கி விழும். அப்படி ஆறு பெட்டிகளும் மேஸ்திரியின் மரப்பெட்டிக்குள், நடுவே வெப்பம் காக்கும் அட்டை. மேலே உயிருள்ளவை என்று நான்கு மொழியில் சீட்டு.

மேஸ்திரியை இரண்டு கடித்தன. "என் கடையில இதுவரைக்கும் பெட்டிதான் என் கையைக் கடிச்சிருக்கு" என்றார், உதறிக்கொண்டே.

கொழுந்தனார் எட்டு மணிக்கு வந்தார், எல்லாம் முடிந்த பிறகு. "அண்ணன் சொத்தை இப்படி அனுப்பறீங்களே அண்ணி."

"உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டது, தம்பி. படிக்கணுமா?"

அவர் படிக்க விரும்பவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார்.

நான்காம் பெட்டி கடைசியாக ஏறியது. காப்பாளர் அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார். சிவப்பு நூல் வலைக்குள்ளே தெரிந்தது. என் கணவர் கட்டிய முடிச்சு அல்ல. நான் கட்டியது.

சொல்லியிருக்கலாம். வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது.

ஏப்ரல் 3, வெள்ளி

ஒன்பதாம் கூட்டின் இலை இடுக்கில் முட்டைகள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். அவள்தான்.

பதிவேட்டில் எழுதவில்லை. வாய்விட்டு மட்டும் சொன்னேன். "இருக்கியா" என்றேன்.

ஆக, இன்று முதல் கொழுந்தனார் சொல்வது சரி.

ஏப்ரல் 12, ஞாயிறு

பத்து நாளாக எனக்கு நன்றாகப் பசிக்கிறது. காலையில் எழுந்ததும் பின்னறைக்குப் போக வேண்டும் போல இருக்கிறது. அவர் இருந்தபோது அவர் எழுந்து போன சத்தம் கேட்டு நான் எழுவேன், அந்த மாதிரி. நான் போய் நிற்கிறேன். ஒன்றும் நடப்பதில்லை. அவள் உள்ளே இருக்கிறாள், நான் வெளியே நிற்கிறேன். போதுமாக இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

காப்பாளரின் கடிதம். "எனக்கு எழுத்துத் தமிழ் வராது அம்மா, பேசற மாதிரியே எழுதறேன், பிழை இருந்தா திட்டாதீங்க" என்று ஆரம்பம். பிழைகள் இருபத்துமூன்று. பென்சிலால் திருத்திவிட்டு அழித்துவிட்டேன்.

பயணத்தில் இறந்தவை நூற்று நாற்பது மட்டும். கண்ணாடிக் கூடத்துக்குள் உயிருள்ள மரம், இருபத்தேழு பாகை வெப்பம். பார்வையாளர்களின் தலைக்கு மேலே ஒரு கயிற்றுப் பாலம், எறும்புகள் அதன் வழியாக எதிர்ப்பக்க மரத்துக்குப் போய் வருகின்றனவாம். முதல் நாளே வரிசை தெருவரைக்கும். வாசலில் என் கணவர் பெயர் பொறித்த பலகை. படம் அனுப்பியிருந்தார். பெயரில் எழுத்துப் பிழை இல்லை.

கடைசியில் ஒரு வரி: "ராணியம்மா இன்னும் முகம் காட்டல. கூச்சம் போல."

மே 10, ஞாயிறு

இன்று அவர் பிறந்த நாள். பழுப்புச் சட்டையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அபத்தம். பத்து நிமிடத்தில் எடுத்து வைத்துவிட்டேன்.

மே 22, வெள்ளி

கடிதம். அப்படியே ஒரு பகுதியைப் படியெடுக்கிறேன், பிழை நீக்காமல்.

"அம்மா, ஒரு மாசத்துக்கு மேல புது முட்டையே இல்ல. இருந்த புழு எல்லாம் வளந்து எறும்பாயிடுச்சு. புழு இல்லாததால நூல் இல்ல. நேத்து மேல் கூடு ஒண்ணு பிரிஞ்சு தொங்குது. எறும்பு எல்லாம் ரெண்டு இலையையும் இழுத்துப் பிடிச்சிட்டு நிக்குதுங்க. தைக்கறதுக்கு யாராவது புழுவை எடுத்துட்டு வருவாங்கன்னு காத்துட்டு நிக்குதுங்க. காலையில பாத்தேன், சாயங்காலம் மூடறப்பவும் அப்படியே நிக்குதுங்க. பாக்க வந்த ஒரு சின்னக் குழந்தை அதுங்களுக்குக் கை வலிக்காதான்னு கேட்டுச்சு."

அதன் கீழே: "வழியில நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன். நாலாவது பெட்டியை மடியிலேயேதான் வச்சிருந்தேன். விமானத்துல ஒரு தடவை மட்டும் தூங்கிட்டேன். உங்க வீட்டுக்காரரோட ராணியை நான் கொன்னுட்டேன்னு நினைக்கிறேன். மேலிடத்துலயும் அதான் கேக்கறாங்க. விசாரணை இருக்கு. அதைவிட உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பதினஞ்சு நாளா எழுதாம இருந்தேன்."

மே 23, சனி

நாலு மணிக்கு ஒன்பதாம் கூட்டின் முன்னால் நின்றேன். எட்டு இலையாக வளர்ந்திருக்கிறது. நன்றாகத் தைத்திருக்கிறார்கள். ஒரு துளை இல்லை.

மே 24, ஞாயிறு

கடிதத்தை மேசையில் விட்டது என் தவறு. கொழுந்தனார் படித்துவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி? கொண்டுபோய்ச் சாகடிச்சுட்டா. தூங்கிட்டாளாம். எழுதியே குடுத்திருக்கா. அண்ணன் ஏழு வருஷம் காப்பாத்தினத அந்தப் பொண்ணு ஒரு தூக்கத்துல முடிச்சுட்டா."

அவருடைய ஒவ்வொரு சொல்லையும் திருத்துகிறவள் நான். நாற்பத்தாறு வருடமாக அவர் தப்பாகச் சொன்ன ஒரு தேதியைக்கூட விட்டதில்லை. இன்று கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரும் கவனித்திருப்பார். போகும்போது, "உடம்புக்கு என்ன அண்ணி?" என்றார், நிஜமான அக்கறையோடு.

மே 29, வெள்ளி

சாப்பாடு பிடிக்கவில்லை.

ஆவணப் பிரிவில் புதிதாகச் சேரும் எழுத்தர்களுக்கு முதல் நாளே சொல்வேன்: எழுதப்படாதது நடக்காதது. கொடுத்த மருந்தை எழுதாவிட்டால் கொடுக்கவில்லை என்றே பொருள். அவர்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் எழுதுவார்கள். இந்தத் தடவை நான் அதையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். எழுதவில்லை, ஆகவே நடக்கவில்லை. அவள் நடந்து போனதை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு.

அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கோபப்பட்டிருக்க மாட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. பதிவேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை ஒண்ணு விட்டுப்போச்சே" என்பார். அவ்வளவுதான் சொல்வார்.

யாரை ஏமாத்தறேன். அவளை வச்சுக்கிட்டா இவர் திரும்பி வந்துடுவாரா. இலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், வேறென்ன.

ஜூன் 1, திங்கள்

பதிவேட்டை எடுத்தேன். பள்ளியில் எங்களுக்குக் கையெழுத்துச் சொல்லித்தந்த சிஸ்டர் பிழையை அழிக்கவோ கிறுக்கவோ விடமாட்டார். ஒரே ஒரு கோடு, நேர்க்கோடு, முதலில் எழுதியது தெரியும்படி. பக்கத்தில் சரியானதும், உன் பெயரும். செய்த தப்பு தாளில் இருக்கட்டும், நீயும் பக்கத்தில் இரு என்பார். எட்டு வயதில் எனக்கு அது கொடுமையாகத் தெரிந்தது.

மார்ச் 26. "நான்காம் கூடு: ராணி" என்பதன்மேல் ஒரு கோடு போட்டேன். "பிற்பகல் 4.10. ராணி ஒன்பதாம் கூட்டுக்கு மாறினாள். பார்த்தேன். நூலை மாற்றவில்லை. எழுதவில்லை. தெரிந்தே செய்தது." கையெழுத்து.

பிறகு சிவப்பு நூற்கண்டிலிருந்து ஒரு முழம் வெட்டி ஒன்பதாம் கிளையில் கட்டினேன். நான்கு கடி.

ஜூன் 2, செவ்வாய்

காப்பாளருக்குக் கடிதம் போட்டாயிற்று. பதிவேட்டுப் பக்கத்தின் நகலும், ஒன்பதாம் கூட்டின் படமும் உள்ளே. அவருடைய விசாரணைக்காரர்களுக்குத் தனிப் பிரதி. எழுதியது சுருக்கம்: ராணி சாகவில்லை. உங்கள் பெட்டியில் அவள் ஏறவே இல்லை. நீங்கள் தூங்கியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. காரணம் நான்.

மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு தடவை எழுதி, ஒரு தடவை எடுத்துவிட்டேன். ஒன்று போதும்.

திரும்பி வரும் வழியில் கொழுந்தனார் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். அவர் கதவை அகலத் திறந்தார். அப்புறம், "உள்ள வாங்க அண்ணி, வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

ஜூன் 9, செவ்வாய்

பதில் இல்லை.

ஜூன் 13, சனி

பதில் வந்தது. மூன்றே வரி.

"மேடம், இன்னும் ஒரு பெட்டிக்கு அனுமதி கேட்டிருக்கேன், அவசரம்னு சொன்னதால கிடைச்சிடும். இருபத்தாறாம் தேதி வரேன். மூணு மாசம் பிரிஞ்சிருந்ததால வாசனை மாறியிருக்கும், அதுங்க அவளைச் சேத்துக்குமா கொன்னுடுமான்னு எனக்குத் தெரியாது."

மேடம். நான் கேட்டதுதான். இந்தத் தடவை நாக்கு தவறவில்லை.

ஜூன் 18, வியாழன்

"இன்னொரு பெட்டியா டீச்சரம்மா? ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான், மேஸ்திரி. மூடிக்குத் திருகாணி."

"மகாராணி அன்னிக்கே போயிட்டாங்கன்னு நினைச்சேன்."

"போகல. நான்தான் போகவிடல."

அவர் அளவுநாடாவை நீட்டி, அளந்து, மறுபடி அளந்தார். மூன்றாவது தடவை அளக்கும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என் சம்சாரம் தைச்ச தலையணையை நான் இன்னும் யாருக்கும் குடுக்கல." டீச்சரம்மா என்றதை நான் இன்று திருத்தவில்லை.

ஜூன் 27, சனி

போய்விட்டாள்.

காப்பாளர் நேற்று மாலை வந்து, இன்று காலை ஐந்தரைக்குத் தொடங்கி, ஆறுக்குள் முடித்துவிட்டார். விசாரணை முடிந்துவிட்டது, வேலைக்குப் பாதகம் இல்லை என்று மட்டும் சொன்னார். இந்தத் தடவை பூதக்கண்ணாடியை எடுத்து, இலை இடுக்கில் அவளைத் தானே பார்த்த பிறகுதான் பையைக் கட்டினார். சரியான முறை அதுதான். வலித்தது.

கிளையை நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கையுறை நீட்டினார். வேண்டாம் என்றேன். வெட்டி முடியும்வரை வெறுங்கையால் பிடித்திருந்தேன். மணிக்கட்டு வரை ஏறிக் கடித்தன. அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு தன் விரலாலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் விட்டார்.

பெட்டிக்குள் எதையாவது வைக்க வேண்டும் போலிருந்தது. பழைய கண்ணாடி உறையைக் கொண்டுவந்தேன். காப்பாளர் யோசித்தார். "அவ முதல்ல இருந்த இடமா?" என்றார். ஆமாம் என்றேன். "உள்ள வைக்க முடியாது. காட்சிக் கூடத்துல, பலகைக்குக் கீழ வைக்கறேன்."

தொட்டிகளின் கீழ் இருந்த கிண்ணங்களில் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன். மீதி நான்கு கூடுகள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். ஜன்னல் திறந்திருக்கிறது.

நான்கு மணிக்குப் பதிவேட்டில் எழுதினேன்: "ராணி அனுப்பப்பட்டாள்." மற்றபடி எழுத ஒன்றும் இல்லை. வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன்.

ரவிக்கைக் கை முழுக்கப் புளிப்பு வாசனை. துவைக்கப் போடவில்லை.

பெட்டியோடு ஒரு தாள் கொடுத்தனுப்பினேன். அதன் படி:

"காப்பாளர் அவர்களுக்கு. ராணியை மற்றவை ஏற்றுக்கொண்டனவா, எந்த நாள், எந்தக் கூடு, முட்டை கண்ட நேரம் ஆகியவற்றைத் தெரிவியுங்கள். ஏற்காவிட்டாலும் தெரிவியுங்கள். தொலைபேசியில் வேண்டாம், காது சரியாகக் கேட்பதில்லை. பிழைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், பென்சிலைத் தொட மாட்டேன். என்னை எப்படி அழைப்பது என்பதை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன். பதிலை மட்டும் எழுத்தில் அனுப்புங்கள்."